இடது பக்க ஸ்பீக்கர்

மகளுக்கு நிச்சயதாம்பூலம் என்று முடிவானதும், பாட்டுக்கு வெளியாள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்று மேலகரத்தில் வீட்டோடு கிடக்கிறவனுக்கு, ஒரு விசேஷம் வந்தால் ஏதாவது ஒரு பொறுப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். சமையல் ஏற்பாடு மைத்துனன் கைக்குப் போய்விட்டது. பூ, தாம்பூலம், சீர்த்தட்டு எல்லாம் மனைவியிடம். மிச்சம் இருந்தது சத்தம்.

தென்காசியில் ஒரு கடைக்குப் போய் சப்வூஃபர் ஒன்றும், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே வைத்த ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வாங்கி வந்தேன். மாடி அறையில் பெட்டிகளைப் பிரித்தேன். மகளின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன். அதில் ஹெட்போன் மாட்டுகிற துளையிலிருந்து ஒரு ஒயர். மறுமுனையில் அது சிவப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்து சப்வூஃபரின் முதுகில் போய்ச் சேரும். அங்கிருந்து வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. தவிலின் அடியைப் போன்ற கனத்த சத்தத்தை சப்வூஃபர் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேலே உள்ள கூர்மையான சத்தம் மட்டும் ஸ்பீக்கர்களுக்குப் போகும். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக அமைந்தது. எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஒரு நாதஸ்வர வாசிப்பைப் போட்டேன். தவில் தரை வழியாக உள்ளங்காலில் வந்து ஏறியது. வலது ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. இடது பக்கம் மட்டும் செத்துக் கிடந்தது.

மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து நடுவில் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோலத்தான்பா கேக்குது" என்றாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லி அவளைக் கீழே அனுப்பிவிட்டேன்.

பீரங்கியில் பழுது பார்க்கிறபோது ஒரு முறை உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்து, பழுது எங்கே நகர்கிறது என்று கவனிக்க வேண்டும். அப்படியே செய்தேன். முதலில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினேன். இடது பக்கம் பேசவில்லை. ஒயர்களையே மாற்றினேன். பேசவில்லை. பிறகு ஸ்பீக்கர்களைத் தூக்கி, வலதை இடதிலும் இடதை வலதிலும் வைத்தேன். இத்தனை நேரம் செத்துக் கிடந்தது இப்போது வலது பக்கம் நின்று அருமையாகப் பாடியது. பாடிக்கொண்டிருந்தது இடது பக்கம் போனதும் அடங்கிவிட்டது.

ஒயரும் மாறியாயிற்று, ஸ்பீக்கரும் மாறியாயிற்று. மாறாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கக் கூடாது. ஆனாலும் நான் புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்துகொள்ள மறுத்தேன். ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்கத் திருப்புளியை எடுப்பதற்காக அலமாரிப் பக்கம் திரும்பினேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின. உடனே அடங்கிக் கிடந்தது பாடத் தொடங்கியது, பாடியது அடங்கிப்போயிற்று. மறுபடி திரும்பினேன். மறுபடியும் மாறியது. ஒரு வளர்ந்த மனுஷன், கல்யாண வயதில் மகள் உள்ளவன், கதவைச் சாத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியுமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வலது காதை விரலால் அடைத்தேன். நாதஸ்வரம் போய்விட்டது. காலடியில் தவில் மட்டும் இருந்தது.

அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை, பயமும் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. யாரோ என்னை வேட்டியில்லாமல் பார்த்துவிட்டதுபோல ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச காலமாக நான் செய்துவந்த காரியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எங்கே போனாலும் வரிசையின் இடது ஓரத்தில் போய் உட்காருவது. பேசுகிறவர் சிரித்தால் நானும் சிரிப்பது. புரியாதபோது தலையாட்டுவது. டிவியில் வரவர எவனும் வாய்திறந்து பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது. இதையெல்லாம் சாமர்த்தியமாகச் செய்துகொண்டிருந்ததால், காது கேட்காததை எனக்கே நான் மறைத்துவிட்டேன்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், கீழே போய் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் லேப்டாப்பில் இடது பக்கத்தின் அளவைக் கூட்டினேன். கூர்மையான சத்தத்துக்கான ட்ரெபிளையும் கூட்டினேன். இடது பக்கம் எனக்கு லேசாகக் கேட்கிறவரை கூட்டிவிட்டு, இதுதான் சரியான அளவு என்று முடிவுசெய்து, ஒயர்களைச் சுருட்டிவைத்தேன்.

நிச்சயம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் சின்ன ஹாலில் நடந்தது. சீசன் இல்லாத நாள், ஊரே காலியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி அதை என்னிடம் முன்பே சொன்னதாகப் பிறகு சொன்னாள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. அந்த அம்மாளை மரியாதையாக முன்வரிசை ஓரத்தில், சுவரை ஒட்டி உட்காரவைத்தார்கள். மூலையில் வைத்தால் அதிர்வு நன்றாக இருக்கும் என்று நான் சப்வூஃபரை வைத்திருந்த மூலை அது.

நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு லேப்டாப்புக்குப் பின்னால் நின்றேன். சில பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விசேஷ வீட்டுச் சிரிப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து என்னிடம் வந்தார்கள். என் இடது பக்கமாக நின்று ஏதோ சொன்னார்கள். முகத்தில் சங்கடமான ஒரு புன்னகை இருந்தது. நானும் புன்னகைத்து, தலையாட்டி, சத்தத்தைக் கூட்டினேன்.

அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்கள். பிறகு போய் உட்கார்ந்தார்கள். அடுத்து அவர்களுடைய கணவர் வந்தார். அவரும் இடது பக்கம்தான் நின்றார். அவர் சொல்லி முடித்ததும், "உங்களுக்கும் பிடிச்சிருக்கா அத்தான்?" என்று கேட்டேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால், எங்கே இருந்தாலும் எழுந்து நடந்துவிடுகிறேன்.

அந்த அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். பின்னாலேயே இரண்டு பெண்கள் ஓடினார்கள். நடுவில் விரித்திருந்த பாயிலிருந்து என் மகள் பட்டுப்புடவையோடு எழுந்து வந்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் என் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். "அத்தை குறைக்கச் சொல்லுதாங்கப்பா. நெஞ்சு படபடன்னு அடிக்காம் அவங்களுக்கு. நீங்க எதுக்குக் கூட்டுதீங்க?"

அது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்கவில்லையம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "விசேஷ வீடுன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றாடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததும் சரியாகிவிட்டதாம். ஆனால் அடுத்த வாரமே தரகர் வந்தார். பெண்ணின் அப்பா திமிர் பிடித்த ஆள் போலிருக்கிறது, நோயாளி என்று தெரிந்தும் வேண்டுமென்றே செய்திருக்கிறார், கல்யாணத் தேதியைக் கொஞ்சம் யோசித்துவைப்போம் என்று அவர்கள் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மனைவி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள் என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். காது விஷயம் தனக்கு நெடுநாளாகத் தெரியும் என்றும், இலத்தூருக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. திமிர் பிடித்தவன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், என்னைச் செவிடன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை என்றேன். என் மகளுக்கு வரப்போகிற வாழ்க்கையைவிட என் காது எனக்குப் பெரிதாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் மாடிக்குப் போனபோது மகள் ஸ்பீக்கர்களை அட்டைப் பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒயர்களைச் சிக்கில்லாமல் சுற்றிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அழுத முகம் என்று சொல்ல முடியாது, களைத்த முகம்.

"அவங்க வீட்டுல கேக்கிறாங்கப்பா. நான் என்ன சொல்லட்டும்? எங்கப்பா வேணும்னே செஞ்சாங்கன்னு சொல்லட்டுமா, இல்ல கேக்கலன்னு சொல்லட்டுமா?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து சட்டையை மாட்டினேன். எங்கே போகிறோம் என்று மனைவி கேட்கவில்லை. பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

இலத்தூரில் அந்த அம்மாள் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்க என்றார்கள், உதட்டசைவில் தெரிந்தது. கணவர் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. தண்ணீர் வந்தது. குடித்தேன். காபி வந்தது. அதையும் குடித்தேன். வயல், வெயில் என்று எதையெதையோ மனைவி பேசினாள். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தங்கச்சி, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கலம்மா. இடது காது கேக்காது. வலதும் சரியில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர்கள் ஏதோ சொன்னார்கள். நான் பழக்கதோஷத்தில் புன்னகைத்துத் தலையாட்டினேன். பக்கத்தில் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் காது மடல்கள் சூடாயின.

"என்ன சொன்னீங்கம்மா? கேக்கல" என்றேன். யாரிடமும் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் மெதுவாக எழுந்து, நாற்காலியை இழுத்து என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார்கள். "கல்யாணத்துக்காவது நீங்க பாட்டுப் போடாதீங்க அண்ணாச்சின்னு சொன்னேன். அதுக்குத் தலையாட்டிட்டீங்க. இனி மாத்திப் பேசக் கூடாது."

உள்ளறையில் அவர் கணவர் சிரித்தார் என்று மனைவி பிறகு சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தது. மன்னித்துவிட்டார்கள் என்பது புரிந்தது. அது வெட்கத்தைக் குறைக்கவில்லை, கொஞ்சம் கூட்டத்தான் செய்தது.

தென்காசியில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். காதுக்குள் எப்போதும் ஏதாவது இரைச்சல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, எங்கள் பக்கம் குற்றாலத்து அருவிச் சத்தம் எந்நேரமும் உண்டு, அதுதான் என்றேன். "மேலகரத்துக்கு எங்க அருவிச் சத்தம் கேக்குது" என்றாள் மனைவி. டாக்டர் எழுதிக்கொண்டார். அருவியில் தண்ணீரே இல்லாத மாதம் அது.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி வந்தது. கல்யாணமும் குறித்த நாளில் நல்லபடியாக நடந்தது. முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, போட்டோவில் கருவி தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டதில் இன்னமும் அந்த அளவுக்குத்தான் இருக்கிறேன்.

ஆனால் அதை முதன்முதலாக மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து, சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டாள். வயலுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற குரல். தெருவே கேட்டிருக்கும். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நான் எப்பவும் இப்படித்தானே பேசுதேன்" என்றாள், அதே குரலில்.

எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஓயாமல் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். மெதுவாகப் பேசு, எனக்குக் கேட்கும் என்றேன். அவள் முயன்று பார்த்தாள். முதல் இரண்டு சொற்கள் தாழ்வாக வந்தன. பிறகு தன்னையறியாமல் குரல் ஏறிவிட்டது.