கற்றுத் தந்தவருக்கு ஒரு சால்வை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சால்வை போர்த்தினார்கள், பிள்ளைகளே.

மேடையில். மைக்கில் பெயர் சொல்லி. முன்வரிசையில் நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸின் முதலாளியே உட்கார்ந்து கைதட்டினார்.

ஆகா, அங்கிளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாராவாரம் பேப்பரில் இந்தச் சிறுவர் பக்கத்தில் பொய் சொல்லாதே, அடுத்தவர் பென்சிலை எடுக்காதே என்று உங்களுக்கு எழுதுகிறவன் நான். பத்தாவது வரைதான் படித்தவன் என்றாலும், எழுதுகிற மாதிரி நடந்துகொள்கிறவன் என்று நீங்கள் நம்புகிறீர்கள். உங்கள் கடிதங்களில் அப்படித்தான் இருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் பாண்டிச்செல்வி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் ‘கைவேலைக் கூடல்’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். கல்யாண மண்டபம் பிடித்து, பெற்றோர், பிள்ளைகள், ஊர்ப்பெரியவர்கள் என்று எல்லோரையும் அழைத்திருந்தார்கள். போட்டி கிடையாது. அவரவருக்குத் தெரிந்த கைவேலையைக் கொண்டுவந்து, மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாசிமணி கோக்கிறவர்கள் ஒருபக்கம், எம்பிராய்டரி ஒருபக்கம். நடுவில் அம்மாமார்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய போர்வையைத் தைப்பது. ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு துணி கொண்டுவந்து, அதை ஒட்டுப் போட வேண்டும்.

கடைசியில்தான் முக்கியமான விஷயம். நன்றாகச் செய்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளை, தனக்குக் கற்றுத் தந்தவர் பெயரை மைக்கில் சொல்லி அழைக்க வேண்டும். சால்வை பிள்ளைக்கு இல்லை... கற்றுத் தந்தவருக்கு!

பாண்டிச்செல்வி மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். “எனக்குக் கற்றுத் தந்தவர், என் அம்மா, திருமதி மாரீஸ்வரி அவர்கள்.” ‘அவர்கள்’ என்று சொல்லும்போது மட்டும் சிரிப்பு வந்துவிடும். மறுபடி முதலில் இருந்து.

மாரீஸ்வரி என் மனைவி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் நேரம், ஞாயிறும் வேலை உண்டு. மேடை ஏறப் போகிறோம் என்று அவள் லீவு போட்டாள். பெட்டியில் இருந்த அரக்குச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

அவளைக் கேலி செய்தேன். “என்ன, கலெக்டரம்மா கிளம்பியாச்சா?”

“உங்களுக்கென்ன, நீங்க பேப்பர்லயே பேரு பாக்கீக. எனக்கு ஒரு நா,” என்றாள்.

ஒரு நாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மகள் செய்தது காகித மணி. எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன் நான். மை பிசகி வீணான பட்டாசு லேபிள் தாள்களைப் போர்மேனிடம் கேட்டு வாங்கி, நீளமான முக்கோணத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். அதை ஒரு மெல்லிய இரும்புக் கம்பியில் சுற்றி, முனையில் பசை தடவி, உருட்டி, கம்பியை உருவினால்... நடுவில் தடித்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய மணி! மயிலும் தாமரையும் துண்டு துண்டாக அதில் தெரியும். மேலே வார்னிஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும்.

மண்டபத்துக்குப் போனோம். மாரீஸ்வரி போர்வைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் கொண்டுபோனது பழைய பருத்திச் சேலைத் துண்டு. பக்கத்து அம்மா அதைத் தடவிப் பார்த்து, “ஒரு பட்டுத் துண்டு கொண்டு வரக்கூடாதாக்கும்?” என்று கேட்டார்.

“பட்டு உடுத்திட்டு எங்க கம்பெனிக்குள்ள போனா, அது உரசுற பொறியில லோடு ஏத்துறதுக்கு முன்னாடி நாங்களே வெடிச்சிருவோம்க்கா!” என்றாள் இவள். அந்த வட்டமே சிரித்தது. இவள்தான் அன்றைக்கு அங்கே ராணி.

பாண்டிச்செல்வியின் மேஜையைச் சுற்றியும் கூட்டம். அவள் வேகம் அப்படி. கம்பியை வைப்பது தெரியும், மணி விழுவது தெரியும். நடுவில் விரல் என்ன செய்கிறது என்று தெரியாது.

அப்போது சிறப்பு விருந்தினர் வந்தார். சென்னையில் இருந்து வந்த ஓர் அம்மையார். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உழைக்கிறவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். நல்லவர். முகத்திலேயே தெரிந்தது.

அவர் முதலில் நின்றது அடுத்த மேஜையில். எங்கள் முதலாளி வீட்டுப் பெண் ஹர்ஷிதா அங்கே பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். அவளும் கெட்டிக்காரி.

“இவ்வளவு வேகமா எப்படிம்மா?” என்று விருந்தினர் கேட்டார்.

“டெய்லி ஸ்கூல் விட்டு வந்ததும் மம்மிகூட உக்காந்து ரெண்டு மணி நேரம் கோப்பேன் மேடம்.”

“அம்மாவும் பொண்ணும் சேர்ந்தா! எவ்வளவு அழகா இருக்கு!” என்று விருந்தினர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

பிறகு எங்கள் மேஜை. பின்னாலேயே மைக்கோடு ஜெயராணி டீச்சர். நான் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அங்கேதான் ஒன்று நடந்தது, பிள்ளைகளே. மற்ற எல்லாரும் செய்த மணியைக் கிண்ணத்தில் போட்டார்கள். பாண்டிச்செல்வி போடவில்லை. ஒரு பழைய வளையலை மேஜையில் வைத்து, அதற்குள் மணிகளை நெட்டுக்குத்தலாக நிற்கவைத்து அடுக்கிக்கொண்டே வந்தாள். இடைவெளி இல்லாமல், தேன்கூடு மாதிரி.

விருந்தினர் குனிந்து பார்த்தார். “ஏம்மா இதை நிக்கவச்சு அடுக்கறே?”

“இப்படி அடுக்குனா எண்ண வேண்டாம் மேடம். வளையம் நெறைஞ்சா இம்புட்டுன்னு தெரிஞ்சிரும்.”

அந்த அம்மையாரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. பட்டாசுக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள் அப்படித்தான் வளையத்துக்குள் அடுக்குவார்கள். இந்தக் கம்பி, இந்தப் பசை, இந்த உருட்டு — எல்லாம் அந்த வேலைதான். அவர் பையில் இருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார்.

“யாரும்மா இதை உனக்குக் கத்துக் கொடுத்தது?”

டீச்சர் மைக்கை மகளின் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். மகள் முகம் மலர்ந்தது. மூன்று நாள் பழகிய வாக்கியம் ஆயிற்றே!

“எனக்குக் கற்றுத் தந்தவர்...”

“யூட்யூப் மேடம்!” என்றேன் நான்.

மைக்கில் விழுந்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

“யூட்யூப் பாத்து அவளாவே கத்துக்கிட்டா மேடம். வீட்ல யாருக்கும் இதெல்லாம் தெரியாது.”

விருந்தினர் மகளைப் பார்த்தார். “அப்படியா கண்ணு?”

மகள் என்னைப் பார்த்தாள். உங்களில் யாரையாவது உங்கள் அப்பா அப்படி ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறாரா? நிறுத்தியிருந்தால் உங்களுக்குத் தெரியும். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

நோட்டு பைக்குள் போனது. “வெரி குட்!” என்றார் அவர்.

நான் போர்வைக் கூட்டத்தைப் பார்த்தேன். மாரீஸ்வரி தலையை நிமிர்த்தி ஒருமுறை எங்களைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, தையலைத் தொடர்ந்தாள்.

மேடையில் பாண்டிச்செல்வி பெயரைக் கூப்பிட்டார்கள். போனாள். டீச்சர் மைக்கில், “இப்போ யூட்யூபுக்கு எப்படிச் சால்வை போத்துறது?” என்றார். ஒரே சிரிப்பு. யாரோ கீழே இருந்து, “போன் வாங்கிக் குடுத்த அப்பாவுக்குப் போத்துங்க!” என்றார்கள். கைதட்டல்.

நான் போனேனா? போனேன். கால் கூசவில்லை. போய் நின்று, குனிந்து, வாங்கிக்கொண்டு, ஹர்ஷிதாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கும் நின்றேன்.

அந்த போன்கூட நான் வாங்கியது இல்லை. போன தீபாவளி போனஸில் மாரீஸ்வரி வாங்கியது.

கோபமாகத்தான் இருந்தது எனக்கு — முதலில் அந்த விருந்தினர் மேல். ஒரு பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கைவேலை செய்தால் அழகு. இன்னொரு பிள்ளை செய்தால் நோட்டு! இது என்ன நியாயம்? ஆமத்தூர் பஸ் வரும்வரை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நின்றேன்.

ஆனால் பிள்ளைகளே, உங்களிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் நான் மறுபடியும் அந்த மேடையில்தான் நிற்பேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் குழாய் உருட்டினோம். ஏஜென்ட் தாள் கொண்டுவந்து இறக்குவார். மாரீஸ்வரி கம்பெனி விட்டு வந்து உருட்டுவாள். பாண்டிச்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். விளையாட்டு மாதிரிதான் ஆரம்பித்தது. பிறகு விளையாட்டாக இல்லை. “இன்னும் ஒரு கட்டு முடிச்சிட்டு வீட்டுப்பாடம் எழுதும்மா” என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அந்த வாரமும் உங்களுக்கு இந்தப் பக்கத்தில் ஏதோ நல்லது எழுதியிருப்பேன்.

அரைப் பரீட்சையில் அவள் விடைத்தாள் மேலேயே தூங்கிவிட்டாள். டீச்சர் சொல்லி அனுப்பினார். நான், “சின்னப் பிள்ளைதானே” என்றேன். மறுநாள் மாரீஸ்வரி பலகை, கம்பி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“அண்ணாச்சி, இனிமே எங்க வீட்டுல இறக்காதீக.”

“ஏம்மா? பாப்பாவுக்கு நல்ல கை ஆச்சே!”

“அதுக்குத்தான் வேண்டாங்கேன்,” என்றாள்.

ஒரே ஒரு கம்பியை மட்டும் மகள் ஒளித்து வைத்திருந்தாள். அதில்தான் பிறகு மணி உருட்டினாள். லேபிள் தாளில் மணி செய்யலாம் என்று கண்டுபிடித்தவளும் அவள் அம்மாதான்.

ஆக, கற்றுத் தந்தவளும் அவள். அதை வேலையாக ஆக்காமல் நிறுத்தியவளும் அவள். மூன்று வாக்கியத்தில் இதை நான் அந்த மைக்கில் சொல்லியிருக்கலாம். விருந்தினர் நோட்டில் எழுதியிருந்தாலும் மாரீஸ்வரியைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார். என்னைப் பற்றி எப்படி எழுதியிருப்பார் என்பதுதான் கேள்வி.

பஸ்ஸில் மாரீஸ்வரி ஜன்னல் ஓரம். நடுவில் மகள். சால்வை என் மடியில்.

“அந்த யூட்யூப்பை எனக்கும் காமிங்களேன். எம்புட்டு நல்லாச் சொல்லித் தருதுன்னு நானும் பாக்கேன்,” என்றாள்.

“நீ புரிஞ்சுக்கிடணும் மாரி... அந்தம்மா நோட்டை எடுத்துட்டாக. உனக்கு ஏதும் பிரச்சனை வந்துரக் கூடாதுன்னுதான்...”

“எனக்காகவா பயந்தீக?”

மடியில் இருந்த சால்வையைச் சின்னதாக மடித்தேன்.

“முதலாளி முன்வரிசையில இருந்தாக. உங்க பேரு பேப்பர்ல வருது. அதுக்குப் பயந்தீக. ஊடால என் பேரை இழுக்காதீக.”

மகள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரஸ்ஸில் முதலாளி என் மெஷினுக்கே வந்தார். “எங்க பாப்பா அந்த வீடியோவைக் கேக்கா. லிங்க் அனுப்புங்க.”

“தேடிப் பாத்து அனுப்புதேன் அண்ணாச்சி,” என்றேன். பார்த்தீர்களா? ஒரு பொய் தனக்குத் துணைக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. வியாழக்கிழமையும் கேட்டார். நெட் வேலை செய்யவில்லை என்றேன். அது மூன்று.

அதனால்தான் இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியவில்லை. எழுதுவதற்கு முன்னால் மகளிடம் கேட்டேன். “உன்னைப் பத்தியும் வரும்மா. நீ பொய் சொன்னதா நாலு பேரு நெனைப்பாக. எழுதட்டுமா?”

“எழுதுங்கப்பா. ஆனா, யூட்யூப்னு சொன்னது நீங்கதான்னு தெளிவாப் போடுங்க.”

போட்டேன். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தாள். நான் ‘அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்தாள்.

“நான் தலையாட்டுனேன்ப்பா. அதையும் போடணும்ல?”

மேலே நீங்கள் படித்தது அவள் திருத்திக் கொடுத்தது.

பிறகு மாரீஸ்வரியிடம் நீட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்று சொல்லிவிட்டாள். நானே வாசித்துக் காட்டினேன். “எனக்குக் கற்றுத் தந்தவர், என் அம்மா, திருமதி மாரீஸ்வரி அவர்கள்” என்று வருகிற இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். முழுதும் கேட்டாள். குழாயை மூடினாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஆனா அன்னைக்கு மண்டபத்துல உங்களுக்குக் கைதட்டுன அம்புட்டுப் பேரும் பெரியவுக. அவுக யாரு சிறுவர் பக்கம் படிக்கப் போறாக?”

அதனால், பிள்ளைகளே, ஓர் உதவி. படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை மடித்துவிடாதீர்கள். உங்கள் அப்பாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில், விரித்தபடியே வையுங்கள்.