கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழம்

எங்கள் பழைய டிராக்டரில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சரிவான வாசலில் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். ஆயுதபூஜையன்று, பார்க்க நன்றாக இல்லை என்று மாமனார் அந்தக் கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

பழம் நசுங்கி வண்டி உருண்டது. கீழே கோலத்தருகே என் இரண்டு வயது மகள். ஓடிப்போய்த் தூக்கினேன். வண்டி கோலத்தின்மேல் ஏறிச் சுவரில் முட்டி நின்றது.

“பழந்தான் காப்பாத்துச்சு ஆத்தா. திருஷ்டி கழிஞ்சுருச்சு” என்றார் மாமனார்.

“பழமா காப்பாத்துச்சு? நாந்தானே மாமா தூக்குனேன்! பிரேக்கைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“நல்ல நாளும் அதுவுமா கத்தாத” என்றார் கணவர்.

சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்யும்வரை யாருக்கும் கொடுக்கவில்லை.

பெரியவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியிருக்கக் கூடாதோ என்று இன்றும் யோசிக்கிறேன். சாவி விஷயத்தில் அந்த யோசனை ஒருநாளும் வந்ததில்லை.