பன்னிரண்டு ஜோடி இறக்கை

தெருவில் அவளை இறக்கைக்காரி என்றுதான் சொல்வார்கள். நாடக உடுப்பு வாடகைக்கு விடும் கடைக்கு ஒன்பது வருடமாகத் தேவதை இறக்கை செய்து கொடுக்கிறாள். கம்பியைக் குறடால் வளைத்து, நிறம் மாறும் மினுக்குத் தாளைப் பசை போட்டு ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டினால் தாள் சுருங்கி விறைத்துக்கொள்ளும். கேட்பதற்குச் சுலபம். செய்து பார்த்தால் தெரியும், விரலில் தோல் மிஞ்சாது.

இந்த முறை மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்கே பன்னிரண்டு ஜோடி. மகளும் அதில் ஒரு தேவதை, ஒரே ஒரு வசனம். மூன்று வருடமாக மகள் மேடையேறியபோதெல்லாம் இவள் திரைக்குப் பின்னால் நின்று ஊரார் பிள்ளைகளுக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். இந்த வருடம் கடைக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஊக்குக் குத்த வேற ஆளப் பாத்துக்கங்க. நான் முன்னாடி உக்காந்து என் பொண்ணப் பாக்கணும்."

"தாராளமாப் பாரும்மா. இறக்கைய மட்டும் மூணு மணிக்குள்ள குடுத்துடு."

நாடகத்தன்று காலை மகள்தான் கண்டுபிடித்தாள். "ஏம்மா, இதுல ஒரு இறக்கை பச்சையா அடிக்குது, இன்னொண்ணு ரோஸா அடிக்குது?"

இவள் எல்லா ஜோடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாளின் முகம் பச்சை, முதுகு ரோஸ். அதனால் இரண்டாக மடித்துத்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் வலதும் இடதும் ஒரே நிறத்தில் வரும். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காதவள், மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டித் தள்ளியிருக்கிறாள். இடது இறக்கையைப் புரட்டி ஒட்டும்போதாவது உறைத்திருக்கக் கூடாதா? உறைக்கவில்லை. கடைசியாக வெட்டிய ஆறு ஜோடி போச்சு.

"அப்படியே குடுத்துடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரிஞ்சுச்சுல்ல. நீ கெளம்பு."

ஆறு இடது இறக்கையிலும் தாளைப் பிய்த்து, கம்பியில் அப்பியிருந்த பசையைச் சுரண்டி, புதுத் தாளை முகம் பார்த்து வெட்டி ஒட்டினாள். மதியச் சாப்பாடு சட்டியிலேயே ஆறிப்போனது. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூட்டையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கடைக்காரர் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

முன்வரிசையில் நட்டநடு நாற்காலி கிடைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தார்கள்.

கைதட்டலில் திடுக்கிட்டு விழித்தபோது திரை மூடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வேறு காரணத்துக்கு.

வாசலுக்கு மகள் இறக்கையோடு ஓடி வந்தாள். பார்த்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். மனசு வரவில்லை.

"தூங்கிட்டேன்டி. நீ பேசினதக் கேக்கல."

"தெரியும். மேடையிலேருந்து பாத்தேன்." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "டீச்சர் திட்டினாங்கம்மா, யாருக்குமே கேக்கலயாம். நீ முழிச்சுக்கப்போறியேன்னுதான் மெதுவாச் சொன்னேன்."