ரூபி தெற்கே திரும்பிய நாள்

1. பரீட்சை

முதல் பரீட்சையிலேயே ரூபி தோற்றாள். அவள் எங்கள் கடற்கரை உயிர்காப்புக் குழுவின் லெப்ரடோர் நாய். கயிறு கட்டிய மிதவையைக் கவ்விக்கொண்டு நீந்தி, தண்ணீரில் தத்தளிப்பவரிடம் சேர்ப்பது அவள் வேலை. விசில் ஊதினால் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள்; நான் எந்தப் பக்கம் கை நீட்டுகிறேனோ அந்தப் பக்கம் போகவேண்டும். அன்று ஆறு முறை தெற்கே கை காட்டினேன். ஆறு முறையும் வடக்கே போனாள்.

"மிஸ், இது ஒரு பக்கம்தான் போகும்போல," என்றார் குழுத் தலைவர். "ரெண்டு கிழமை தாறன். சரிவராட்டி திருப்பி அனுப்புவம்."

பதினாறு வருடமாக நாய் பழக்குகிறவள் நான். பெரியநீலாவணையிலுள்ள வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது ரூபியின் ஆறு பிழையையும் கொப்பியில் குறித்தேன்.

2. யார் பழக்கியது?

மறுநாள் காலையும் அதே கதைதான். பொறுமை இழந்து கத்திவிட்டேன். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சாய்ந்தமருது மீனவர் ஹனீபா காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, அத ஏன் ஏசுறீங்க? மூணு மாசமா பாக்கன், நீங்க ஒருநாளும் தெக்கால எறியல்லயே."

"அங்கால உங்கட தோணியெல்லாம் கிடக்கே காக்கா."

"அதத்தான் சொல்றன். வடக்க போனாத்தான் சாமான் கிடைக்கும் எண்டு நீங்கதானே படிப்பிச்ச?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சியில் ஆளுக்குப் பதிலாக நான் எறியும் டம்மி, தோணிகளில் படாமல் எப்போதும் வடக்கேதான் விழுந்திருந்தது. ரூபி என் கையைப் படிக்கவில்லை, கடலைப் படித்திருந்தாள்.

காக்கா ஆட்களைக் கூப்பிட்டு, "ஏலேலோ!" என்று தோணிகளை அப்பால் தள்ளிக் கொடுத்தார்.

கடலை விட்டு மணலுக்கு வந்தோம். அவள் பார்க்கவே தெற்கே மட்டும் டம்மி வைத்தேன். விசில், கை, அந்தப் பக்கமாக என் கால் ஒரு எட்டு. வடக்கே திரும்பினால் ஏச்சு இல்லை. விசில் ஊதி, நின்ற இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி கை. நான்காம் நாள் தயங்காமல் தெற்கே பாய்ந்தாள். நான் மணலில் குதித்தேன்! பிறகு இரு பக்கமும் டம்மி வைத்து மாறி மாறி அனுப்பினேன். பத்தாம் நாள்தான் தண்ணீரில் இறங்கினோம்.

3. வெள்ளிக்கிழமை

பன்னிரண்டாம் நாள் பின்னேரம். குளித்துக்கொண்டிருந்த நிந்தவூர் ஆசிரியர் ஒருவரை நீரோட்டம் தெற்கே இழுத்துவிட்டது. அவர் மனைவி கரையில் நின்று அலறினார். எங்கள் நீச்சல்காரர்கள் தூரத்தில் இருந்தார்கள். மிதவையோடு ரூபியை விட்டேன். அலைக்குள் ஆளைக் காணாமல் அவள் வடக்கே திரும்பினாள்.

விசில் ஊதினேன். நின்றாள். பார்த்தாள். தெற்கே கை நீட்டினேன். அந்தப் பக்கமாக ஒரு எட்டு வைத்தேன்.

திரும்பினாள். தெற்கே!

"போ புள்ள, போ!" என்று காக்கா கத்தினார். ஆசிரியரின் கை மிதவையைப் பற்றியதும் நான், காக்கா, ஓடிவந்த குழுத் தலைவர் மூவரும் கயிற்றை இழுத்தோம். கரை சேர்ந்தவர் இருமினார், மூச்சு விட்டார். காக்கா நனைந்த நாயின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்! நாய்ட ஈரம் பட்டா எங்கட மார்க்கப்படி கைய ஏழுதரம் கழுவினாச் சரி," என்று சிரித்தார்.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாய் ஒரே பக்கம் போனால், அதன் பிழையைக் குறிப்பதற்கு முன் நீங்கள் இதுவரை எறிந்த இடங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள்.