பொன்னாடைச் செலவு

சால்வை உறையைக் கிழித்ததுமே பிளாஸ்டிக்கும் கஞ்சியும் கலந்த அந்த வாடை வந்துவிட்டது. சான்பாடாவில் என் வீட்டுக்கு வந்திருந்த கபடிச் சங்கச் செயலாளர் சால்வையை என் தோளில் போர்த்தினார்.

தாராவியில் எங்கள் ஒற்றை அறை முழுக்க இதே வாடைதான். அப்பா பேர்போன கபடி ஆட்டக்காரர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த ரயில்வே வேலையை உதறிவிட்டுக் கோச் என்று திரிந்தவர். மாதத்துக்கொரு பாராட்டு விழா. மேடை, பேனர், மட்டன் பிரியாணி, தன் தோளில் விழும் சால்வை வரை எல்லாம் அவர் செலவு. காசு கொடுத்துத் தன்னையே புகழவைத்த அப்படியொரு மடையரை நான் அப்புறம் பார்க்கவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து தின்றவர் இதே செயலாளர்.

"ஒங்க தோள்ல ஏறுத ஒவ்வொண்ணும் என் கழுத்துல இருந்து எறங்குனது," என்றாள் அம்மா ஒருநாள். அப்பா கண்ணாடி முன் நின்று சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மறுநாள் அம்மா அதை வாசலில் கால்மிதியாகப் போட்டாள்.

கடைசியில் அறையும் கைவிட்டுப் போனது. மான்குர்த்துக்கு வாடகைக்குப் போனபோது பாத்திரங்களைச் சால்வைகளில்தான் மூட்டை கட்டினோம். தின்றவர்களில் ஒருவனும் தூக்க வரவில்லை.

"அப்பா பேர்ல பெருசா ஒரு விழா எடுக்கோம்மா," என்றார் செயலாளர். "மேடைச் செலவ மட்டும் நீ பாத்துக்கிட்டா போதும்."

சால்வையை எடுத்து நான்காக மடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்து அதை வாசற்படியில் போட்டேன்.

"மிதிச்சிட்டே போங்க அண்ணாச்சி."