குளவி கொட்டினால் ஸ்பில்

தமிழ் புழங்காத ஊரில், ஒரு ஹோட்டலின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது படுக்கை விரிப்புகள்தாம். அறைகளிலிருந்து விரிப்பை அள்ளி வருகிறவர்கள் ‘காபி ஸ்பில்’ என்றால் காபி கொட்டியிருக்கிறது. ‘பைட்’ என்றால் மூட்டைப்பூச்சி யாரையோ பதம் பார்த்திருக்கிறது, விரிப்பு வெந்நீருக்குப் போக வேண்டும். எறும்பு கடித்தாலும் பைட், நாய் கடித்தாலும் பைட். அட, நம்ம பேச்சு மாதிரியேதான், இங்கிலீஷ் ரொம்பச் சுலபம் என்று முடிவுகட்டிவிட்டார்.

அந்தச் சுலபம் ஒரு விடுமுறை நாளில் அவர் காலை வாரிவிட்டது.

மனைவி ஜன்னல் திரையைக் கழற்றப் போக, மடிப்புக்குள் இருந்த குளவி புறங்கையில் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

குளவிக்கு இங்கிலீஷில் என்ன? தெரியவில்லை. மஞ்சளாக இருக்கும், பறக்கும். கொட்டுவதற்குத்தான் கைவசம் சொல் இருக்கிறதே.

“எல்லோ ஃப்ளை, சிஸ்டர். ஸ்பில். ஹேண்ட்ல ஸ்பில்.”

நர்ஸின் காதில் ஏறியது மஞ்சளாக ஏதோ கையில் கொட்டியது என்பது மட்டும்தான். “ஆசிட்?” என்று பதறி, மனைவியின் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தார்.

“என்னங்க, எதுக்குக் கையக் கழுவி விடுறாங்க? எனக்குத் தொண்டை அடைக்குது.”

“நீ பேசாத. நான் பேசிக்கிறேன்.”

“நீங்க பேசித்தான் தண்ணியில நிக்கிறேன்.”

அவர் சொற்களைக் கைகழுவினார். முழங்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு, உய்ய்ங் என்று மருந்து அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தன் புறங்கையில் விரலால் நறுக்கென்று குத்தினார். உதட்டைத் துருத்தி, மூச்சுத் திணறிக் காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மானம் கசங்கினால் பிறகு இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். அவள் மூச்சு நின்றுவிட்டால்?

“வாஸ்ப்,” என்றார் நர்ஸ். “வாஸ்ப் ஸ்டிங்.” பிறகுதான் உதட்டைப் பார்த்தார். டாக்டர் ஓடி வந்தார், தொடையில் ஊசி இறங்கியது.

கட்டிலில் படுக்கவைத்த மனைவிக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அவருக்கு வாய் நமநமத்தது. பால் கொட்டுவதும் குளவி கொட்டுவதும் இத்தனை நாள் ஒரே சொல்லுக்குள் எப்படிச் சண்டை போடாமல் குடியிருந்தன? விரலை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தேளாக நின்று காட்டினார்.

“ஸ்டிங்,” என்றார் நர்ஸ்.

“மஸ்கிட்டோ?”

“பைட்.”

அவர் மனைவி பக்கம் குனிந்தார். “கொசுவுக்கு ஏது பல்லு? அதுவும் ஊசிதானே வச்சிருக்கு. அதுக்கு மட்டும் எதுக்கு பைட்டு?”

“இப்பதான் ஒழுங்கா மூச்சு விடுறேன். அதைக் கொஞ்சம் பாருங்க.”

“பாத்துக்கிட்டேதான் கேக்குறேன்.”

பொய் இல்லை. வாய்தான் கொசுவிடம் இருந்தது. கண், போர்வை ஏறி இறங்குவதை விட்டு நகரவே இல்லை.