பன்னிரண்டு என்று பெயர் கொண்ட பலகை

“ஆய்வக உதவியாளர், நிலை இரண்டு. இயந்திரங்களைத் தூசியின்றி வைத்தல், அறையைத் திறந்து பூட்டுதல். பாடம் நடத்துதல் இப்பதவிக்குரிய பணியன்று.” கோவைக்கு வெளியே உள்ள ஒரு கட்டடக்கலைக் கல்லூரி நிலோஃபருக்குக் கொடுத்த ஆணை இது.

அதற்குமுன் ஆறு வருடம் பெருந்துறையில், கதவு செய்யும் கம்பெனி ஒன்றில், கணினி சொன்னபடி மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவர் அவர். கல்லூரியில் பாடம் நடத்துவது பேராசிரியர் வரதராஜுலு. ஓர் எண்ணை மாற்றினால் முழுக் கட்டடமும் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி கணினியில் வரையும் முறையைப் பற்றி மணிக்கணக்கில் அழகாகப் பேசுவார். இயந்திரத்தை எந்தப் பட்டனில் நிறுத்துவது என்பது மட்டும் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

போன ஏப்ரலில் இறுதியாண்டு மாணவி ஹர்ஷிணி, பத்தடி அகலத்தில் ஒரு மரப்பந்தல் செய்தாள். ஆணி கிடையாது; ஒரு பலகையில் வெட்டிய காடி என்ற பள்ளத்துக்குள் இன்னொரு பலகை செருகி நிற்க வேண்டும். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வாளர்கள் வருவதாக இருந்தது. நிற்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. அதற்கு முந்தின நாள் காலையில் எல்லாவற்றையும் செருகி முடித்தாள். பந்தல் கொஞ்சம் ஆடிவிட்டு, பணிவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

“ஏனுங்க்கா, பன்னெண்டு எம்எம் பலகைக்குப் பன்னெண்டு எம்எம் காடிதானுங்க வெச்சேன்?”

“பன்னெண்டுங்கறது அதோட பேரு கண்ணு. அளவு வேற.” நிலோஃபர் வெர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டினார். பதினொன்று புள்ளி இரண்டு; பன்னிரண்டு காடிக்குள் அது ஆடத்தான் செய்யும்.

“பில்லுல பன்னெண்டுன்னுதானுங்களே போட்டிருக்கு” என்றார் பக்கத்தில் நின்ற வரதராஜுலு.

“பில்லைச் செருகி நிக்க வெக்க முடியாதுங்க சார்.”

கணினியைத் திறந்தால், பன்னிரண்டு என்ற எண் அறுபத்தொரு இடத்தில் கையால் தட்டப்பட்டிருந்தது. ஓர் எண்ணில் எல்லாம் அடங்கும் என்ற வரதராஜுலுவின் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் ஹர்ஷிணிக்குத்தான்.

“நீங்களே மாத்திக் குடுத்துருங்க்கா, நேரமில்லைங்க.”

“நான் மாத்துனா, நாளைக்குத் தேர்வாளர் கேக்கறப்ப என்னையத்தான் கூப்பிடோணும். உக்காரு அம்மணி.”

அறுபத்தொன்றையும் அழித்து, பலகையின் உண்மையான தடிமன் என்ற ஒரே எண்ணோடு இணைக்க மதியமாயிற்று. வெட்டாமல் மிச்சமிருந்த ஆறு பலகைகள் பத்தடிக்குப் போதாது.

“அகலத்தையும் ஒரு நம்பரா ஆக்கிப்போடு” என்றார் நிலோஃபர்.

ஹர்ஷிணி பத்தை ஆறாக்கினாள். திரையில் பந்தல் சுருங்கியது. காடிகள் தாமாக நகர்ந்துகொண்டன.

“இதைத்தானுங்க நான் மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கேன்” என்றார் வரதராஜுலு. அதுவும் உண்மைதான்.

மாலைக்குள் புதிதாக வெட்டினார்கள். மறுநாள் மூன்று மணிக்கு ஆறடிப் பந்தல் நின்றது. கேள்விகளுக்கெல்லாம் ஹர்ஷிணியே பதில் சொன்னாள், தேறினாள். நிலோஃபர் செய்தது, பலகையை அளந்து பார்த்ததும், அறுபத்தொரு எண்களை அவள் கையாலேயே ஒன்றாக்க வைத்ததும்.